மழைக்கு முன் வின்ச் கேபிளைப் பார்த்துவிட வேண்டும்

கேரளக் கரையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. வால்பாறை, கூடலூர், வயநாடு பக்கம் எஸ்டேட் பாதைகள் குழம்பாகும் காலம் அது. ஜூலையில் கோவாவில் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் இந்தியா போட்டி நடப்பது வழக்கம். இரண்டையும் மனதில் வைத்துப் பலர் இப்போதே தார், ஜிம்னி, கூர்க்கா வண்டிகளின் முன்பம்பரில் வின்ச் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை டன் இழுக்கும், இரும்புக் கயிறா சிந்தெடிக் கயிறா என்று கடைக்காரரிடம் துருவிக் கேட்பவர்கள், பேட்டரியிலிருந்து வின்சுக்குப் போகும் கேபிளைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. உயிருக்கும் வண்டிக்கும் ஆபத்து வரும் வழி அந்தக் கேபிள்.

பலரும் வாங்கும் 9,500 பவுண்டு வின்ச், ஏறத்தாழ 4,300 கிலோ இழுவைத் திறன் கொண்டது. சுமையே இல்லாமல் கயிற்றைச் சுருட்டும்போதே 70, 80 ஆம்பியர் எடுக்கும். அச்சு வரை சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கையில் 400 ஆம்பியரைத் தொடும். 12 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 5 கிலோவாட். மூன்று ஒன்றரை டன் ஏ.சி. ஒன்றாக ஓடுவதற்குச் சமம். ஆல்டர்னேட்டர் நன்றாகச் சுற்றினாலும் 100 ஆம்பியர் அளவில்தான் தரும், ஐடிலில் அதுவும் குறையும். மிச்சம் முழுக்க பேட்டரியின் தலையில். ஸ்டார்ட்டர் மோட்டாரும் நிறைய எடுக்கும்தான், ஆனால் இரண்டு மூன்று விநாடிக்கு. வின்ச் எடுப்பது நிமிடக் கணக்கில்.

ஹெட்லைட்டுக்கு ஃபியூஸ் உண்டு, ஹாரனுக்கு உண்டு. வின்சோடு பெட்டியில் வரும் தடித்த சிவப்புக் கேபிளுக்குப் பெரும்பாலும் கிடையாது. நேரே பேட்டரி பிளஸில் மாட்டச் சொல்லியிருக்கும். அப்படி மாட்டிய கணத்திலிருந்து, சாவியை எடுத்த பிறகும், வண்டி ஷெட்டில் தூங்கும்போதும், அந்தக் கேபிளில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். வருடத்தில் சில நாள் மட்டுமே வேலை செய்யும் வின்சுக்காக 365 நாளும் கரண்ட். அந்தக் கேபிள் போய் முடிவதோ முன்பம்பரில், அதாவது மோதினால் முதலில் நசுங்கும் இடத்தில். நசுங்கிய தகடு ரப்பரைக் கிழித்துச் செம்பைத் தொட்டால் பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கொட்டும். கேபிள் பழுக்கும், பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் எரியும். மோதல்கூட வேண்டாம். ரேடியேட்டர் சட்டத்தின் கூர் விளிம்பில் மாதக்கணக்கில் உரசினாலே போதும்.

ஆகவே இந்தப் பருவத்தில் ஒரே ஒரு வேலைக்குத்தான் காசும் நேரமும் இருக்கிறது என்றால், அது பேட்டரி பிளஸுக்கும் வின்சுக்கும் நடுவே ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போடுவது. பேட்டரியிலிருந்து ஓர் அடிக்குள் இருக்க வேண்டும். பம்பர் பக்கம் கொண்டுபோய் வைத்தால் அதற்கு முன்னால் உள்ள கேபிள் முழுவதும் காப்பில்லாமல் கிடக்கும். சுவிட்ச் வாங்கும்போது அதன் மேல் அச்சிட்ட இரண்டு அளவுகளையும் படிக்க வேண்டும்: தொடர்ந்து தாங்குவது ஒன்று, கொஞ்ச நேரம் தாங்குவது இன்னொன்று. கடையில் மலிவாகக் கிடைக்கும் சிவப்புச் சாவி சுவிட்சுகள் பல 100 ஆம்பியருக்கானவை. வின்ச் இழுக்கையில் அவை உருகும். 400, 500 ஆம்பியர் மெகா ஃபியூஸ் ஒன்றையும் பேட்டரி அருகே சேர்த்தால் இன்னும் நல்லது. அது சுவிட்சுக்குப் பதில் ஆகாது, கூடுதல் காப்பு மட்டுமே. நடுக்காட்டில் ஃபியூஸ் போய்விட்டால் மாற்ற இன்னொன்று டாஷ்போர்டில் கிடக்கட்டும்.

சுவிட்ச் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை அறிந்தவர்கள் குறைவு. ரிமோட்டை அழுத்தினால் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுவது கன்ட்ரோல் பெட்டிக்குள் இருக்கும் சொலினாய்டு. மெல்லிய கேபிளாலோ சோர்ந்த பேட்டரியாலோ வோல்ட்டேஜ் இறங்கினால் சொலினாய்டு சரியாகப் பிடிக்காமல் படபடவென்று அடிக்கும், உள்ளே பொறி பறக்கும், கடைசியில் அதன் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதன்பின் ரிமோட்டை விட்டாலும் வின்ச் நிற்காது. கொக்கியும் கயிறும் முனையில் வந்து மோதும்வரை, குறுக்கே யார் கை இருந்தாலும், இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் அதை நிறுத்தக் கூடியது அந்தச் சுவிட்ச் மட்டும்தான். ஆகவே ஸ்பேனர் தேடாமல், எட்டிப் பிடித்துத் திருப்பும் இடத்தில் அது இருக்க வேண்டும்.

கேபிள் தடிமனில் சிக்கனம் பார்க்கவே கூடாது. 35 ஸ்கொயர் எம்.எம். செம்புக் கேபிள் போகவும் வரவும் சேர்த்து 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 400 ஆம்பியரில் 0.8 வோல்ட் கேபிளிலேயே தொலையும். 320 வாட் வெப்பமாகும். அதே தூரத்துக்கு 16 ஸ்கொயர் எம்.எம். போட்டால் 1.75 வோல்ட் போகும், 700 வாட் சூடு ஏறும். பேட்டரி பானெட்டுக்குள் இருந்தால் 35 போதும். பின்னால் இருந்தால் 50, அல்லது அதற்கும் மேல். நல்ல வெல்டிங் கேபிள் இதற்குப் பொருத்தம்: மெல்லிய செம்பு இழைகளால் ஆனது, வளைந்துகொடுக்கும். ஆம்ப்ளிஃபயர் கடைகளில் தடியாகத் தெரியும் மலிவுக் கேபிள்களில் பல அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியவை. முனையைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். அவற்றை வாங்க வேண்டாம்.

கேபிள் முனையில் மாட்டும் லக்கைச் சுத்தியால் தட்டி நசுக்கும் பழக்கம் பல பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. வெளியே பார்க்க இறுக்கமாகத் தெரியும்; உள்ளே இழைகளுக்கு நடுவில் காற்று நிற்கும், மழை நீர் புகும், பச்சை பூக்கும், சூடு பிடிக்கும். ஹைட்ராலிக் கிரிம்ப் வைத்திருக்கும் எலக்ட்ரிக்கல் கடையைத் தேடிப் போவது அந்த அலைச்சலுக்குத் தகும். கழுத்தில் பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், பிளஸ் முனைக்கு ரப்பர் மூடி, இறுக்கிய நட்டின் மேல் கொஞ்சம் வாசலின்.

மைனஸைச் சேசிஸ் போல்ட்டில் பிடித்துவிட்டுப் போவதும் சரியல்ல. பெயின்ட், துரு இரண்டும் 400 ஆம்பியருக்குத் தடை. பிளஸுக்கு இட்ட அதே தடிமனில் மைனஸ் கேபிளும் பேட்டரிக்கே திரும்ப வேண்டும். ஆனால் சிவப்பு விளக்கில் எஞ்ஜின் தானே அணையும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிகளில் மைனஸ் முனையில் சென்சார் இருக்கும். அவற்றில் எங்கே மாட்டுவது என்பதற்கு வண்டியின் கையேடே சான்று.

எக்ஸாஸ்ட், டர்போ, ஃபேன், ஸ்டியரிங் தண்டு, இந்த நான்கிலிருந்தும் கேபிள் விலகிப் போக வேண்டும். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் குரோமெட், மற்ற தூரம் முழுக்க நெளிகுழாய். எஞ்ஜின் ஆடும், அதனால் கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டுவது நல்லது. வேலை தொடங்குமுன் மோதிரம், வாட்ச், கைச்சங்கிலி கழற்றிவிட வேண்டும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். சார்ஜில் இருந்த பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசிந்திருக்கும். அது வெடிக்க ஒரு பொறி போதும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம்.

பேட்டரியும் ஒரு பார்வைக்கு உரியது. வின்ச் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கேட்பது 650 சி.சி.ஏ. (குளிரில் ஸ்டார்ட் செய்யத் தரும் ஆம்பியர்) அளவாவது. மூன்று கோடை பார்த்த பேட்டரியை மழைக்கு முன் லோடு டெஸ்ட் செய்துவிடலாம். சேற்றில் இழுக்கும்போது எஞ்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 1,200 முதல் 1,500 சுற்று வரை பிடித்தால் ஆல்டர்னேட்டர் கைகொடுக்கும். கடும் சுமையில் ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து இழுக்காமல், மோட்டாருக்கும் பேட்டரிக்கும் ஓய்வு தர வேண்டும். ஸ்னாட்ச் பிளாக் கப்பி ஒன்றைப் போட்டுக் கயிற்றை இரட்டித்தால் வின்சின் சுமை பாதியாகும், ஆம்பியரும் இறங்கும். வேகம் குறைகிறது என்று சலிப்பவர்களுக்கு அவசரம் எதற்கு என்று தெரியவில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், கிராஷ் கார்டு, புல் பார் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு விரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. பம்பரை மாற்றி வின்ச் வைப்பவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் மல்ட்டிமீட்டரோடு ஒரு சோதனை. நண்பரின் வண்டியை ஹேண்ட் பிரேக்கில் நிறுத்தி மெல்ல இழுக்கும்போது, மீட்டரின் ஒரு முனை பேட்டரி பிளஸில், மறுமுனை வின்சின் பிளஸில் இருக்கட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ லக் அல்லது சுவிட்ச் சரியில்லை. பிறகு கட்-ஆஃப் சுவிட்சை அணைத்து, வின்ச் முனையில் வோல்ட் பூஜ்யமா என்று பார்க்க வேண்டும். சுவிட்ச் அணைந்த நிலையிலேயே ஒவ்வொரு லக்கையும் புறங்கையால் தொட்டால், சுடுகிற லக் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதை வெட்டி எறிந்து புதிதாகக் கிரிம்ப் செய்ய வேண்டும். முதல் பெரிய இழுப்புக்குப் பிறகு எல்லா நட்டுகளையும் மறுபடி ஒருமுறை இறுக்கிவிட வேண்டும். புது லக் சூடாகி ஆறும்போது கொஞ்சம் தளரும்.