ஒன்பது எழுத்துகளின் கணக்கு

அன்புள்ள தம்பி,

குழந்தைகளின் சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டியின் ஆர்என்ஏ தரவுகளில் ஸ்ப்ளைசிங் மாற்றங்களை, அதாவது ஆர்என்ஏ வெட்டி ஒட்டப்படும் விதத்தில் வரும் மாற்றங்களை, தேடப்போவதாக எழுதியிருந்தாய். மென்பொருளை ஓட்டினால் பட்டியல் நீளமாகவே வரும். பூரித்துப்போவதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்: கட்டியை எதோடு ஒப்பிட்டேன்?

பெரும்பாலும் அதே குழந்தையின் கட்டியில்லாத சிறுநீரகப் பகுதியோடுதான். அங்கேதான் சறுக்கல். வில்ம்ஸ் கட்டி, கருவில் சிறுநீரகம் உருவாகும் வேலை பாதியிலேயே தடம் மாறிய திசு. பக்கத்தில் இருப்பதோ உருவாகி முடிந்தது. அதில் பெரும்பங்கு குழாய்களின் எபிதீலியச் செல்கள். கட்டிக்குள் பிளாஸ்டீமா, ஸ்ட்ரோமா, எபிதீலியம் மூன்றும் குழந்தைக்குக் குழந்தை வேறு விகிதத்தில் கலந்திருக்கும். எஃப்ஜிஎஃப்ஆர்2 மரபணுவைப் பார். எபிதீலியச் செல்கள் ஒரு எக்ஸானைச் சேர்க்கும். மீசன்கைமச் செல்கள் அதை விட்டு அடுத்ததைச் சேர்க்கும். ஸ்ட்ரோமா மிகுந்த கட்டியில் இந்த மாற்றம் உன் பட்டியலின் உச்சியில் வந்து நிற்கலாம். அது புற்று செய்த வேலையா, செல் கலவை மாறியதால் வந்ததா? கருச் சிறுநீரகத் தரவையும் பக்கத்தில் வை. பேத்தாலஜி மருத்துவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்லைடின் கலவையையும் குறித்துக்கொள். மாதிரி எங்கிருந்து வந்தது என்பதையும் பார்: ஐரோப்பாவில் பெரும்பாலும் முதலில் மருந்து, பிறகு அறுவை. வட அமெரிக்காவில் பெரும்பாலும் முதலில் அறுவை. இரு வகை மாதிரிகளையும் ஒரே கூடையில் போடாதே.

அடுத்து, 1990இல் கண்டறியப்பட்ட டபிள்யூடி1 மரபணு. இதை நீ ஊன்றிப் படிக்க வேண்டும். அதன் 9ஆம் எக்ஸானின் முடிவில் வெட்டுவதற்கு இரண்டு இடங்கள். தள்ளி வெட்டினால் ஆர்என்ஏவில் 9 எழுத்துகள் கூடும். புரதத்தின் மூன்றாவது, நான்காவது துத்தநாக விரல்களுக்கு நடுவே லைசின், திரியோனின், செரின் என்று மூன்று அமினோ அமிலங்கள் வந்து சேரும். சிறுநீரகத்துக்கு இரண்டு வடிவங்களும் வேண்டும், சரியான விகிதத்தில் வேண்டும். ஃப்ரேசியர் நோய்க்குறியில் அடுத்துள்ள இன்ட்ரானில் ஓர் எழுத்து மாறுகிறது என்று 1997இல் தெரியவந்தது. புரதத்தில் ஒரு அமினோ அமிலமும் மாறவில்லை. விகிதம் மட்டும் புரண்டது. சிறுநீரக வடிகட்டிகள் தழும்பேறிச் செயலிழக்கின்றன. எக்ஸ்ஒய் குரோமோசோம் கொண்ட குழந்தைகளிடம் விந்தகம் சரியாக உருவாவதில்லை. ஆனால் வில்ம்ஸ் கட்டி இவர்களிடம் அபூர்வம். துத்தநாக விரல்களிலேயே அமினோ அமிலம் மாறும் டெனிஸ்-டிராஷ் நோய்க்குறி உள்ள குழந்தைகளிடம்தான் அது அதிகம். ஒரே மரபணுதான், தம்பி. ஸ்ப்ளைசிங் கெட்டதாலேயே கட்டி வந்தது என்று எழுதக் கை போகும்போதெல்லாம் ஃப்ரேசியரை நினைத்துக்கொள்.

மென்பொருள் தரும் எண்ணை மட்டும் நம்பாதே. ரீடுகளைக் காட்டும் ஐஜிவியைத் திறந்து, அந்த எக்ஸான் சந்திப்பை எத்தனை ரீடுகள் தாண்டுகின்றன என்று கண்ணால் பார். பிறகு ஆர்டி-பிசிஆர். சாதாரண அகரோஸ் ஜெல்லில் 9 எழுத்து வித்தியாசம் தெளிவாகப் பிரியாது. கேப்பிலரியில் ஓட்டு, அல்லது சீக்வென்ஸ் செய்துவிடு.

நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைத்துவிடுகிறார்கள். அனாபிளேசியா பரவியவர்கள், நோய் திரும்பியவர்கள்தான் இன்னும் கைநழுவிப் போகிறார்கள். உன் தொகுப்பில் அவர்களுடைய மாதிரிகள் எத்தனை? அதை எழுது. குறைவாக இருந்தால், ஆய்வைத் தொடங்கும் முன் அவற்றைச் சேர்ப்பதற்கு யாரிடம் கேட்கலாம் என்று பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்