பல்கலைக்கழக நூலகமும் பலவகை மாணவரும்



நூலகம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது யாது? நெடிய அலமாரிகள், பழைய தாளின் மணம், 'அமைதி காக்கவும்' என்னும் பலகை ஆகியவையே அல்லவா? ஆனால் இன்று ஒரு பல்கலைக்கழக நூலகத்திற்கு இரண்டு வாசல்கள் உள்ளன. ஒன்று படியேறிச் செல்லும் கட்டட வாசல். மற்றொன்று கணிப்பொறியிலும் கைபேசியிலும் திறக்கும் வலைத்தளம். முதல் வாசலை நேரமானால் மூடிவிடுவர். இரண்டாம் வாசல் நள்ளிரவிலும் திறந்திருக்கும்.

வாசல் ஒன்றே ஆயினும், அதன் வழியே நுழைவோர் அனைவரும் ஒரே பயனைப் பெறுவதில்லை. ஒருவர் கை நிறைய அள்ளிச் செல்கிறார். மற்றொருவர் வெறுங்கையுடன் திரும்புகிறார். இவ்வேற்றுமைக்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று. பழக்கக் குறைவும் கேட்பதற்கு உள்ள கூச்சமுமே ஆகும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்தாம் வகுப்பில் இருக்கும் நமக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இன்னும் இரண்டே ஆண்டுகள் கழித்து நம்மில் பலர் கல்லூரி வாசலில் நிற்போம். சிலர், தம் குடும்பத்திலிருந்து கல்லூரிக்குச் செல்லும் முதல் பெண்ணாகவும் இருப்பர். அவர்களுக்கு வழி சொல்ல வீட்டில் அக்காவோ அண்ணனோ இருக்கமாட்டார்கள். ஆகவே இப்பொழுதே அறிந்துகொள்வது நலம் அன்றோ?

நூலகத்திற்குள் கணிப்பொறி வந்த வரலாறு

நம் நாட்டு நூலக இயலின் தந்தை எனப் போற்றப்படுபவர் எஸ். ஆர். அரங்கநாதன். 1892ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்த இவர், முதலில் கணித ஆசிரியராகப் பணியாற்றினார். 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்று, இலண்டன் சென்று பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1931ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் நூலகத்திற்கென ஐந்து விதிகளை வகுத்தார். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே என்பதும், வாசகருடைய நேரம் வீணாகக் கூடாது என்பதும் அவ்விதிகளின் கருத்துகளுள் அடங்கும். வலைத்தளம் என்ற சொல்லே பிறவாத காலத்தில் அவர் கூறியவை, இன்றைய வலைத்தளத்தையும் உரைத்துப் பார்க்கும் உரைகல்லாக விளங்குகின்றன.

அக்காலத்தில் நூலகத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை, தலைப்பில் ஓர் அட்டை, பொருளில் ஓர் அட்டை என எழுதி, சிறு இழுப்பறைகளில் அகர வரிசைப்படி அடுக்கி வைத்தனர். இவ்வட்டைகளைக் கணிப்பொறி படிக்கும்படி செய்த பெருமை ஒரு பெண்மணியைச் சாரும். அவர் பெயர் ஹென்றியட் அவ்ராம். அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்தில் பணியாற்றிய இவர் நூலகக் கல்வி பயின்றவர் அல்லர். கணிப்பொறி நிரல் எழுதுபவர். 1960ஆம் ஆண்டுகளில் இவர் 'மார்க்' என்னும் முறையை உருவாக்கினார். அம்முறையில் ஆசிரியர் பெயருக்கு 100, தலைப்புக்கு 245, பொருளுக்கு 650 என எண்கள் உண்டு. எந்த மொழி நூலாயினும் கணிப்பொறி இவ்வெண்களைக் கொண்டே அதன் விவரங்களைப் புரிந்துகொள்கிறது.

உலகின் பல நூலகங்களுக்கு அட்டைகளை அச்சிட்டு வழங்கிய அமெரிக்காவின் ஓ.சி.எல்.சி. நிறுவனம், 2015ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தன் கடைசி அட்டையை அச்சிட்டது. இன்று நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் 'கோஹா' என்னும் இலவச மென்பொருள் நூற்பட்டியலைத் தாங்கி நிற்கிறது. நியூசிலாந்தில் 1999ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இதன் பெயருக்கு, அந்நாட்டு மாவோரி மொழியில் 'அன்பளிப்பு' என்று பொருளாம். என்ன பொருத்தமான பெயர்!

முதலாண்டு மாணவர்

இனி, இவ்வாசலில் நுழையும் மாணவரை ஒவ்வொருவராகக் காண்போம்.

முதலில் வருபவர் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர். தேடும் கட்டத்தில் இவர், 'தமிழ்நாட்டில் பெண்கல்வி எவ்வாறு வளர்ந்தது என்பது பற்றிக் கட்டுரை எழுத வேண்டும்' என்று முழு வாக்கியத்தையே எழுதிவிடுகிறார். நூற்பட்டியல் நம் ஆசிரியையைப் போலக் கருத்தறிந்து விடை சொல்வதில்லை. பெரும்பாலும் சொற்களை மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்கிறது. 'ஒன்றும் கிடைக்கவில்லை' எனத் திரை காட்டியதும், இந்நூலகத்தில் நூலே இல்லை என்று எண்ணி அவர் வெளியேறிவிடுகிறார். 'பெண்கல்வி', 'தமிழ்நாடு' என இரண்டு சொற்களை மட்டும் எழுதியிருந்தால் நூல்கள் வரிசையாக வந்து நின்றிருக்கும்.

நூல் கிடைத்தாலும் மற்றொரு தடை உண்டு. திரையில் நூலின் பெயருக்கு அருகில் ஓர் எண் தோன்றும். 1876ஆம் ஆண்டு மெல்வில் டியூவி வெளியிட்ட பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகத்தில் 894.811 என்றால் தமிழ் இலக்கியம். அவ்வெண்ணே நூலின் வீட்டு முகவரி. அதனைக் குறித்துக்கொள்ளாமல் அலமாரிப் பக்கம் செல்பவர், முகவரி இல்லாமல் ஊருக்குள் உறவினர் வீட்டைத் தேடுபவரை ஒப்பர்.

தேர்வுக்குப் படிக்கும் மாணவர்

இரண்டாமவர் தேர்வு நெருங்கும்போது வருபவர். இவருக்கு வேண்டியவை மூன்று: பாடநூல் அலமாரியில் இருக்கிறதா, எடுத்த நூலை இன்னும் சில நாள் வைத்துக்கொள்ளலாமா, பழைய வினாத்தாள் கிடைக்குமா என்பவை. முதல் இரண்டிற்கும் நூலகப் பட்டியலே விடை தரும். நூல் உள்ளே இருக்கிறதா, வெளியே சென்றிருந்தால் எந்நாளில் திரும்பும் என்பதையும் காட்டும். பல நூலகத் தளங்களில் பழைய வினாத்தாள்களும் உள்ளன. இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்கு வரும் மாணவிக்கு, நூல் இல்லை என்பதை வீட்டிலிருந்தே அறிவதும் ஒரு பெரும் உதவி அன்றோ? பேருந்துக் கட்டணமும் மிஞ்சும், அரைநாளும் மிஞ்சும்.

முதுகலை மாணவரும் ஆய்வு மாணவரும்

முதுகலை மாணவருக்கு நூல்கள் மட்டும் போதா. அறிஞர்கள் தம் புதிய ஆராய்ச்சிகளை வெளியிடும் ஆய்விதழ்களும் வேண்டும். இவற்றின் சந்தா மிக அதிகம். தனி ஒருவர் வாங்க இயலாது. நூலகமே சந்தா செலுத்தி, தன் உறுப்பினருக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தருகிறது. இதனை அறியாத மாணவர், இணையத்தில் ஒரு கட்டுரையைக் கண்டு, பணம் கேட்கிறார்களே என மனம் தளர்ந்து திரும்புகிறார். அதே கட்டுரை நூலகத் தளத்தின் வழியே இலவசமாகக் கிடைக்கக்கூடும்!

இதற்கென நம் நடுவணரசு 'ஒரே நாடு, ஒரே சந்தா' என்னும் திட்டத்திற்கு 2024ஆம் ஆண்டு நவம்பரில் ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை, 6,300க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்களில் பயிலும் மாணவரும் ஆசிரியரும் படிக்கலாம் என அறிவிக்கப்பட்டது. கதவு திறந்துவிட்டது, ஆனால் கதவு இருப்பதையே அறியாதவர்க்கு அது திறந்தும் என்ன பயன்?

ஆய்வு மாணவர் இவ்வாசலில் மிகவும் பழகியவர். இவர் ஒரு கட்டுரையைக் கண்டதும் அதன் இறுதியில் உள்ள நூற்பட்டியலைப் பார்த்து, அதிலிருந்து மற்றொரு கட்டுரைக்கு என, சங்கிலியைப் பிடித்துச் செல்வதுபோல் செல்கிறார். தம் தலைப்பில் முன்னரே யாரேனும் ஆராய்ந்துள்ளனரா என அறிய 'சோத்கங்கா' என்னும் தளத்தை நாடுகிறார். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் திரண்டுள்ள இத்தளத்தை, குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் நிறுவனம் நடத்துகிறது. எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம்.

இவரும் இடர்ப்படும் இடம் உண்டு. தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் பலவாறு எழுதுவர். 'பாரதி' என்பதையே 'எச்' என்னும் எழுத்தைச் சேர்த்தும் எழுதுவர், சேர்க்காமலும் எழுதுவர். ஒரு வகையில் மட்டும் தேடினால் பாதி நூல்கள் கண்ணில் படாமல் போகலாம். பழகியவர் எல்லா வகையிலும் தேடிப் பார்ப்பார்.

கண்ணால் காண இயலாத மாணவர்

மற்றொரு மாணவரை நாம் மறந்துவிடலாகாது. பார்வையற்ற மாணவர், திரையில் உள்ளதை ஒலியாகப் படித்துக் காட்டும் மென்பொருளின் துணையால் நூலகத் தளத்தைப் பயன்படுத்துகிறார். அவ்வகையில் இலவசமாகக் கிடைப்பது 'என்.வி.டி.ஏ.' என்பது. இதனை உருவாக்கிய ஆஸ்திரேலிய இளைஞர் இருவரும் பார்வையற்றவர்களே என அறியும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது. ஆனால் நூலின் பக்கங்களை வெறும் படமாக எடுத்துத் தளத்தில் வைத்தால், எழுத்தாக மாற்றினாலன்றி அம்மென்பொருளால் படிக்க இயலாது. பார்த்துப் படிப்பவர்க்கு ஒரு நூல். அவருக்கோ வெறும் மௌனம்! இத்தகையோர்க்கு ஏற்ற வடிவில் நூல்களை ஆக்கித் தருவதை எளிதாக்க 2013ஆம் ஆண்டு மொராக்கோ நாட்டின் மராக்கேஷ் நகரில் ஓர் உலக உடன்படிக்கை ஏற்கப்பட்டது. 2014ஆம் ஆண்டு அதனை முதன்முதலில் உறுதிசெய்த நாடு நம் இந்தியாவே என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

தயக்கம் என்னும் பூட்டு

இம்மாணவர் அனைவரையும் ஒப்பிட்டு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நூலகத்தை நன்கு அறிந்த ஆய்வு மாணவரே நூலகரிடம் கூச்சமின்றிச் சென்று கேட்கிறார். ஒன்றும் அறியாத முதலாண்டு மாணவரோ வாய் திறப்பதில்லை. உதவி யாருக்கு மிகத் தேவையோ அவரே கேட்காமல் இருந்துவிடுகிறார்.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கான்ஸ்டன்ஸ் மெலன் என்னும் அம்மையார், ஒரு பல்கலைக்கழகத்தின் 6,000 மாணவர் எழுதியவற்றை ஈராண்டுகள் ஆராய்ந்து, 1986ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார். அம்மாணவருள் 75 முதல் 85 விழுக்காட்டினர், நூலகத்தில் தம் முதல் அனுபவத்தை அச்சத்தைக் குறிக்கும் சொற்களாலேயே விவரித்திருந்தனர். மற்றவர்க்கெல்லாம் தெரிந்திருக்கிறது, தமக்கு மட்டுமே தெரியவில்லை என்று ஒவ்வொருவரும் எண்ணினர். கேட்டால் தம் அறியாமை வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சினர். எண்ணிப் பாருங்கள், தோழியரே! நூறு பேர் அமர்ந்திருக்கும் அறையில் எழுபத்தைந்து பேர், தாம் மட்டுமே தனியாக அஞ்சுவதாக நினைத்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்!

பள்ளி நூலகராக இருந்த காரல் குல்த்தா என்னும் மற்றோர் அம்மையார், நம்மைப் போன்ற பள்ளி மாணவரையே 1980ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்தார். ஒரு பொருளைத் தேடத் தொடங்கியவர்க்கு, நடுவில் குழப்பம் குறைவதற்குப் பதில் கூடுகிறது என்றும், அது இயல்பே என்றும், எதனை எழுதப் போகிறோம் எனத் தெளிந்த பிறகு நம்பிக்கை வளர்கிறது என்றும் அவர் கண்டறிந்தார். ஆகவே குழப்பம் வந்தால் 'நமக்கு அறிவில்லை' என்று முடிவு கட்ட வேண்டா. பாதி வழி வந்துவிட்டோம் என மகிழலாம்.

நாம் இப்பொழுதே செய்யத்தக்கவை

முதலாவதாக, தேடும் கலையைப் பழகலாம். ஒன்பதாம் வகுப்பில் கணங்கள் பாடத்தில் வெட்டும் சேர்ப்பும் படித்தோம் அல்லவா? நூலகத் தேடலும் அதுவே. 'பெண்கல்வி', 'தமிழ்நாடு' இரண்டும் உள்ள நூல்கள் வேண்டும் என்றால் அது வெட்டு. இரண்டில் எது இருந்தாலும் போதும் என்றால் அது சேர்ப்பு. ஜார்ஜ் பூல் என்னும் கணித மேதை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த தருக்கமே இன்றைய தேடலுக்கு அடிப்படை.

இரண்டாவதாக, கரக்பூர் ஐ.ஐ.டி. நடத்தும் இந்தியத் தேசிய மின்னூலகத்தில் பள்ளி மாணவர்க்கும் இடம் உண்டு. அதில் இன்றே பழகினால், நாளை பல்கலைக்கழகத் தளம் நமக்கு அயலூராகத் தோன்றாது.

மூன்றாவதாக, கண்டதை அப்படியே எடுத்து எழுதாமல், யார் எழுதியது, எந்த ஆண்டு என்று குறித்துக்கொள்ளும் வழக்கத்தை மேற்கொள்ளலாம்.

நான்காவதாக, இதுவே தலையாயது, கேட்கப் பழக வேண்டும். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பது நம் முன்னோர் மொழி. பல நூலகத் தளங்களில் 'நூலகரைக் கேளுங்கள்' என்று ஒரு பகுதி உண்டு. நூலகர் அங்கே இருப்பதே நமக்காகத்தான்.

பெற்றோர்க்கும் ஒரு பணிவான விண்ணப்பம். கல்லூரிக்குச் செல்லும் மகள் இரவில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், வீண்பொழுது போக்குகிறாள் என்று உடனே கடிந்துகொள்ள வேண்டா. அருகில் அமர்ந்து என்ன படிக்கிறாள் என்று கேளுங்கள். அவள் கையில் இருப்பது ஒரு பெரிய நூலகமாகவும் இருக்கலாம்.

முடிவுரை

பல்கலைக்கழக நூலகத்தின் வலைத்தளம் ஏழை செல்வர் என்றோ, நகரத்தார் கிராமத்தார் என்றோ பார்ப்பதில்லை. ஆயினும் வழி அறிந்தவர்க்கு அது வாரி வழங்குகிறது. அறியாதவர்க்கு மௌனம் சாதிக்கிறது. அம்மௌனத்தை உடைக்கும் திறவுகோல் ஒரு சிறு கேள்வியே. நாளை நாம் அவ்வாசலில் நிற்கும்போது தயங்காமல் கேட்போம். நம் அருகில் திகைத்து நிற்கும் மற்றொரு மாணவிக்கும் நாம் அறிந்ததைச் சொல்லித் தருவோம்.