ஊழியர் ஊக்கமும் உழவர் பருவமும்

கடம்பூர், கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் நிலம் வானத்தை நம்பியது. வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கி உளுந்தும் பாசியும் பருத்தியும் மக்காச்சோளமும் விதைக்கும் உழவருக்குப் பயிர்க்கடன் பத்து நாள் பிந்தினால், அது ஓராண்டின் இழப்பாகவும் முடியலாம். நூல் வந்து சேராத நாளில் நெசவாளர் தறியும் ஓய்ந்திருக்கும். ஆகவே சங்கத்திலும் அரசு அலுவலகத்திலும் மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் ஊழியர் எத்தகைய மனத்துடன் வேலை செய்கிறார் என்பது நம் வயிற்றைத் தொடும் வினாவாகும்.

‘சம்பளத்தை உயர்த்தினால் வேலை தானே நடக்கும்’ என்பர் சிலர். ‘தண்டித்தால்தான் நடக்கும்’ என்பர் வேறு சிலர். அமெரிக்க உளவியலறிஞர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் சுமார் 200 பொறியாளரையும் கணக்கரையும் வினவி, 1959இல் தம் முடிவை வெளியிட்டார். ஊதியமும் விதிகளும் மேற்பார்வையும் சீராக இல்லாவிடில் மனக்கசப்பு விளையும்; அவை சீரானால் கசப்பு நீங்குமேயன்றி ஆர்வம் பிறந்துவிடாது. சாதித்த நிறைவு, பாராட்டு, பொறுப்பு ஆகியவற்றாலேயே ஆர்வம் பிறக்கும் என்றார் அவர். களை எடுத்த மாத்திரத்தில் பயிர் முளைப்பதில்லை. விதையும் வேண்டும் அன்றோ? பின்வந்த ஆய்வாளர் சிலர் இப்பிரிவினையை முழுதும் ஏற்கவில்லை. எனினும், சேவை ஆண்டுக்கேற்பவே ஊதியம் உயரும் அரசுப் பணியிடங்களுக்கு இக்கருத்து பெரிதும் பயனுடையது.

நம் அண்டையிலேயே இதற்குச் சான்று உண்டு. உலக வங்கியின் உதவியுடன் 1980இல் மதுரை மாவட்டத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கிற்று. அதில் சிற்றூர்ப் பெண்களே பணியாளராயினர். அவர்கள் பெற்ற தொகை சிறிது. ஆனால் பணி தெளிவாக வரையறுக்கப்பட்டிருந்தது: 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடையை வளர்ச்சி அட்டையில் குறித்து, எடை கூடாதவர்களுக்குத் துணையுணவு அளித்தல். மேற்பார்வையாளர் அடிக்கடி வந்து குறை தீர்த்தனர். குழந்தை தேறுவதை அட்டையில் தாயும் கண்டாள், பணியாளரும் கண்டார். திட்டப் பகுதிகளில் கடுமையான ஊட்டக்குறைவு தணிந்தது.

இதினின்று நம் சங்கங்கள் கொள்ளத்தக்க பாடங்கள் மூன்று. முதலாவது, எந்த ஊழியருக்கு எந்த வேலை என்பதை எழுதி வரையறுத்தல். கடன், உரம், நியாயவிலைக் கடை ஆகிய மூன்று கணக்கையும் ஒருவர் தலையில் சுமத்திவிட்டுச் சோம்பல் என்று பழித்தல் முறையன்று. இரண்டாவது, வேலையின் பயனை அவர் கண்ணுக்குப் புலப்படுத்தல். கடன் மனு வந்த நாளையும் பணம் வழங்கிய நாளையும் பலகையில் எழுதுவது எளிய வழி. எண்ணிக்கையை மட்டும் அளந்தால் எளிய மனுக்களே முந்தும். ஆதலின் காத்திருந்த நாட்களையும் அளத்தல் வேண்டும். மூன்றாவது, நன்கு உழைத்தவரைப் பேரவைக் கூட்டத்தில் பெயர் சொல்லிப் பாராட்டல். ஆயினும் மாத ஊதியத்தை உரிய நாளில் தாராத சங்கத்தின் பாராட்டு வெறும் சொல்லேயாகும்.

சங்கத்தின் உடைமையாளர் நாமே. குறையைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு; உழைப்பை மதிக்கும் கடமையும் உண்டு.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. சென்ற பருவத்தில் நம் சங்கத்தில் ஒரு கடன் மனு எத்தனை நாள் காத்திருந்தது?

2. அத்தாமதம் ஊழியரின் மனநிலையால் நேர்ந்ததா, வேலைப் பளுவால் நேர்ந்ததா?

3. அடுத்த பேரவைக்கு முன் நாம் மாற்றக்கூடியது யாது?