பனிக்காலத்து ஊர் உலா

நம் முன்னோர் ஓர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. ஆயினும் சென்னையின் பனி அத்துணைக் கொடியதன்று. கடல் அண்மையில் இருத்தலால் நிலம் மிகுதியாகக் குளிர்வதில்லை. இந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 பாகை செல்சியசு. அதுவும் 1895, 1905 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்தது. இமயச் சாரலில் வாழ்வோர் கதவடைத்து அடுப்பருகே ஒடுங்கும் நாளில், நமக்கோ கதவைத் திறந்து வெளியே செல்லும் காலம் வாய்க்கின்றது. சித்திரை வெயிலில் தெருக்கோடி வரை செல்லத் தயங்கும் கால்கள், தைத் திங்களில் மூன்று கல் தொலைவும் களிப்புடன் நடக்கும்.

“எங்கே செல்வது? எங்கள் ஊரில் ஆலைப் புகையும் கன்டெய்னர் லாரிகளும் அன்றி வேறு யாது உளது?” என்று இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதி மாணவர் வினவுவதுண்டு. விடுமுறை என்றதும் உதகையையும் மாமல்லபுரத்தையும் எண்ணி, அங்குச் செல்லப் பொருளில்லையே என்று அவர் ஏங்குவர். அவ்வேக்கம் வேண்டா. கையில் சில்லறைக் காசும், கண்ணில் ஆர்வமும் இருப்பின், அவர்தம் ஊரே சிறந்த உலாக்களம் ஆகும்.

முதற்கண் இராயபுரத்தை நோக்குவோம். வைகறையில் எழுந்து காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் செல்க. பனித்திரையை விலக்கிக்கொண்டு விசைப்படகுகள் கரை சேரும் காட்சியும், வஞ்சிரமும் வவ்வாலும் சங்கராவும் கூடை கூடையாக இறங்க, ஏலம் கூறுவோர் குரல் ஓங்குவதும், நெய்தல் நில வாழ்வை நேரிற் காட்டும் பாடங்களாகும். அங்கிருந்து வடக்கே செல்லுங்கால், கரை நெடுகக் கருங்கற்கள் கொட்டப்பட்டிருத்தலைக் காண்பீர்கள். அதன் காரணம் அறியத்தக்கது. இக்கடலோரத்தில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் அதற்குக் குறுக்கே எழுந்தது. தென்புறத்தில் மணல் தங்கியமையால் மெரினாக் கடற்கரை அகன்றது; வடபுறத்தில் மணல் வரத்துக் குறைந்தமையால் கடல் கரையை அரித்தது. அவ்வரிப்பைத் தடுக்கவே இக்கற்கள் இடப்பட்டன.

அருகிலேயே இராயபுரம் இரயில் நிலையம் உளது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் இங்கிருந்தே வாலாசா சாலைக்குப் புறப்பட்டது. பம்பாயிலும் தானேயிலும் இதற்கு முன் எழுந்த பழைய நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. ஆதலின், நம் நாட்டில் எஞ்சி நிற்கும் நிலையக் கட்டடங்களுள் இதுவே மூத்ததாகும்.

அடுத்துத் திருவொற்றியூர். 2021ஆம் ஆண்டு முதல் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை செல்லுதலின், வழி எளிதாயிற்று. தியாகராசர் திருக்கோயிலின் மூலவர் கருவறை, பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்த தூங்கானை மாட அமைப்புடையது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் அது கற்றளியாக எடுக்கப்பெற்றது. அதனைச் சமைத்த தச்சன் இரவி என்பானின் பெயரைக் கல்வெட்டுக் காத்துவைத்துள்ளது. இலக்கணம் கற்பித்தற்கென்றே ஒரு மண்டபம் இக்கோயிலில் இருந்ததெனவும் கல்வெட்டு நுவல்கின்றது. சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும், கலிய நாயனார் விளக்கெரித்துத் தொண்டு புரிந்ததும் இவ்வூரிலேயாம். இங்குள்ள வடிவுடையம்மன் மீது வள்ளலார் மாணிக்கமாலை பாடினார். பட்டினத்தார் அடக்கமான இடம் கடலோரத்தே உள்ளது. எச்சமயத்தார் ஆயினும், வரலாற்றை விரும்பும் மாணவர்க்கு ஒரு பிற்பகல் இங்கே போதாது.

மூன்றாவது எண்ணூர். கொசத்தலையாறு கடலொடு கலக்கும் கழிமுகத்தை ஊரார் முகத்துவாரம் என்பர். வடநாடுகளில் நீர்நிலைகள் உறையுங்கால், அங்குள்ள பறவைகள் இரைதேடித் தெற்கே வருகின்றன. இங்கே கடல்நீர் வற்றும் வேளையில் சேற்றுப்பரப்பு வெளிப்படும்; அதனுள் புழுவும் நத்தையும் சிறு நண்டும் நிறைந்திருக்கும். உள்ளான்களும் கடற்காகங்களும் நாரைகளும் அவற்றை நாடி வந்து கூடும். இன்னும் வடக்கே பழவேற்காட்டு ஏரிக்குச் சென்றால், பூநாரைக் கூட்டங்களையும் காணலாம். பறவை காண்பதற்குச் சீட்டு வேண்டா. அமைதியும் பொறுமையுமே வேண்டும்.

மாலையிலும் இப்பகுதி உறங்குவதில்லை. தெருமுனைகளிலும் சிறு மன்றங்களிலும் கேரம் பலகையைச் சூழ்ந்து இளைஞர் ஆடுவர். குத்துச்சண்டைப் பயிற்சியும் நிகழும். இத்தகைய வடசென்னைச் சூழலில் வளர்ந்த காசிமா என்னும் நங்கை, 2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். அவர் தந்தையார் ஆட்டோ ஓட்டுநர். எளிய விளையாட்டும் இடைவிடாப் பயிற்சியால் உலகறியச் செய்யும் என்பதற்கு இது சான்று.

இவ்வுலாவிற் கருத வேண்டுவனவும் சில உள. குளிர்ந்த வைகறையில் தரையை ஒட்டிய காற்று மேலெழாது தங்கும். புகையும் அதனொடு தங்கும். 2018ஆம் ஆண்டு போகி நாளில் புகையும் பனியும் கலந்து மூடியமையால் சென்னையில் விமானப் போக்குவரத்தே தடைப்பட்டது. ஆதலின், புகை மண்டிய நாளில் ஞாயிறு ஏறிய பின்னரே வெளிச்செல்க; போகியன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் எரியாது விடுக. கடலில் இறங்கி நீராடாதீர். பாசி படர்ந்த கற்கள் வழுக்கும்.

இறுதியாக ஒன்று. 2023ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், புயல்வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. மீனவரின் வலையும் படகும் கறுத்தன, பிழைப்பு நின்றது. கூழைக்கடாக்களின் இறகிலும் எண்ணெய் படிந்தது. அந்த ஆற்றை முன்னரே கண்டு மகிழ்ந்தவர்க்கே, அது கெட்டதன் துயரம் முழுமையாக விளங்கும். காணாத ஒன்றை எவரும் நேசிப்பதில்லை. நேசியாத ஒன்றை எவரும் காப்பதில்லை. மாணவர்காள்! இப்பனிக்காலத்தில் விடுமுறைதோறும் ஓரிடம் சென்று காண்மின்; கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதுமின். இன்று இன்பந் தரும் உலா, நாளை ஊரைக் காக்கும் அறிவாக முதிரும்.