குடல்நோய்க் கிருமிகளும் உப்பு-சர்க்கரைக் கரைசலும்

திருவனந்தபுரம் தம்பானூரில் இரயில் நிலையமும் அரசுப் பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்துள்ளன. தாழ்ந்த நிலமாதலின் பெருமழையில் வெள்ளம் தேங்குவதுண்டு. இரயில் நிலையத்தின் அடியே செல்லும் ஆமயிழஞ்சான் ஓடையில் குப்பையை அகற்ற இறங்கிய துப்புரவுத் தொழிலாளர் ஒருவர் 2024 ஜூலையில் உயிரிழந்தார். அதே மாதத்தில், அம்மாவட்டத்து நெய்யாற்றின்கரையில் ஒரு விடுதியில் காலரா கண்டறியப்பட்டது. இவை தொடர்பற்ற நிகழ்ச்சிகளே; எனினும், சுகாதாரப் பணி எத்துணை இன்றியமையாதது என்பதை இரண்டும் உணர்த்துகின்றன.

நோய் உண்டாகும் விதம்

காலரா, டைபாய்டு, பாக்டீரியாச் சீதபேதி ஆகியவற்றின் கிருமிகள் நோயாளியின் மலத்திலிருந்து நீர், உணவு, கை, ஈ ஆகியவற்றின் வாயிலாகப் பிறர் வாயை அடைகின்றன. இவற்றுள் காலராக் கிருமி குடற்சுவரைத் துளைப்பதில்லை. அங்கு ஒரு நச்சுப்பொருளைச் சுரக்கின்றது. இதனைக் கல்கத்தாவில் சம்புநாத் டே 1959இல் முயலின் குடலைக் கொண்டு மெய்ப்பித்தார். அந்நச்சினால் உடலின் நீரும் உப்பும் குடலுள் பெருகி வெளியேறுகின்றன. இந்நீரிழப்பே, சிகிச்சையின்றேல், சில மணி நேரத்தில் உயிரைப் போக்கவல்லது.

சிகிச்சை

குளுக்கோஸ் உடனிருப்பின் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும். காலரா நச்சு இவ்வாற்றலைக் கெடுப்பதில்லை. 1971இல் வங்காள எல்லையிலுள்ள பன்கான் அகதி முகாமில் காலரா பரவியபொழுது, நரம்பின் வழியே செலுத்தும் உப்புநீர் போதவில்லை. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைப் பருகக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த மரணம் நான்கிற்கும் கீழாகக் குறைந்தது.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் குறித்துள்ள அளவு தூய நீரில் முழுவதும் கரைத்தல் வேண்டும். அது கிடையாவிடில், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் 1/2 தேக்கரண்டி உப்பும் சேர்க்கலாம். உப்பு மிகுதல் குழந்தைக்கு ஆபத்து. குழந்தை வாந்தியெடுப்பின், 10 நிமிடம் பொறுத்து, மீண்டும் சிறிது சிறிதாகப் புகட்டுக. தாய்ப்பாலை நிறுத்தலாகாது. வயிற்றுப்போக்குற்ற குழந்தைகளுக்குத் துத்தநாக மருந்தும் தரப்படுகின்றது.

கடுங்காலரா, இரத்தக் கழிச்சல், டைபாய்டு ஆகியவற்றிற்கு மருத்துவர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை அளிப்பார். சாதாரண வயிற்றுப்போக்கிற்கு இவை வேண்டா. தேவையின்றி உட்கொண்டால் கிருமிகள் அம்மருந்துகளை எதிர்க்கும் வன்மை பெறும். கண்கள் குழிதல், பருக இயலாமை, மயக்கம், மலத்தில் இரத்தம் ஆகியன தோன்றின், தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. வழியிலும் விழுங்க இயலுமாயின் கரைசலைப் புகட்டுக.

ஆசிரியர்கள் இக்கரைசலை வகுப்பில் மாணவர் கையாலேயே அளந்து தயாரிக்கச் செய்தல் நலம். அளவறிந்த மாணவன் வீட்டில் ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.