கட்புலனாகாக் குறையும் தோட்டத் தொழிலும்

காலிழந்தார் கோலூன்றி வரக் கண்டால் நாம் வழிவிடுகின்றோம். மனச்சோர்வு, தீராத் தலைவலி, காக்கை வலிப்பு முதலியவற்றால் வருந்துவாரையோ, புறத்தே குறையொன்றுந் தோன்றாமையின், சோம்பர் என எளிதிற் பழிக்கின்றோம். ஆகவே, நோயின் துன்பத்தோடு நம்பப்படாமையின் துன்பமும் அவரைச் சேர்கின்றது. இத்தகையார்க்குக் கூட்டுத் தோட்டத் தொழில் துணைசெய்யுமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

இங்கிலாந்தின் யார்க் நகரத்துப் பித்தர் விடுதியில் 1790-ஆம் ஆண்டு ஹன்னா மில்ஸ் என்னும் குவேக்கர் சபை மாது இறந்தார். அவரைக் காண நண்பர்க்கு இசைவு கிடைத்திலது. இதனாற் கவன்ற வில்லியம் டியூக் என்னும் தேயிலை வணிகர், சபையாரின் உதவியால் 1796-இல் 'ரெட்ரீட்' என்னும் இல்லத்தைத் திறந்தார். அங்குச் சங்கிலி இல்லை. நோயுற்றோர் தோட்டத்தில் உலாவினர், உழைத்தனர், முற்றத்து முயல்களோடும் கோழிகளோடும் பழகினர். அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ் என்பாரும், தோட்டங் கொத்திய நோயாளர் பலகாற் குணமடைய, உயர்நிலை காரணமாக வேலையினின்று நீங்கியிருந்தோர் விடுதியிலேயே வாடினர் என 1812-இல் எழுதினார்.

ஆயினும், மண்வெட்டி தானே மருந்தாகாது. பின்னாளிற் பெருவிடுதிகள் பலவற்றில் நோயாளரின் உழைப்பு விடுதிக்கு ஊதியமாயிற்று, உழைத்தார்க்குக் கூலியில்லை. அவ்வுழைப்பிற்குக் கூலி தருதல் வேண்டும் என அமெரிக்க நீதிமன்றமொன்று 1973-இல் தீர்ப்பளித்தது. ஏவலால் வருவது அடிமைத்தொழில். விருப்பால் வருவதே மருந்து.

இவ்வுண்மையை நன்கு விளக்குவது ஸ்வீடன் நாட்டு ஆல்நார்ப் தோட்டம். நெடுநாள் மனவழுத்தத்தால் தளர்ந்தோர்க்காக வேளாண் பல்கலைக்கழகத்தார் 2002-இல் அதனை அமைத்தனர். தோட்டக்கலை வல்லாரும் உளச்சிகிச்சையாளரும் அங்கு ஒருங்கே பணிசெய்தனர். வந்தவரை வேலைக்கு ஏவாது, தனிமை வேண்டுவாரைத் தனித்திருக்கவிட்டு, வலிமை கூடுந்தோறும் தொழிலையும் கூட்டினர்.

இவற்றால் நாம் அறியத்தக்கவை மூன்று. முதலாவது, வேலை பலதிறப்படுதல் வேண்டும்: ஒருவர் பாத்தி வெட்ட, மற்றொருவர் நிழலிலிருந்து விதை பிரிக்கலாம், முதுகுவலியுடையார் குனியாவாறு பாத்தியை உயர்த்தலாம். இரண்டாவது, ஒருவர் வாராத நாளில் அவர்தஞ் செடிக்கு மற்றொருவர் நீர் வார்த்தல் வேண்டும். காரணம் வினவுதல் வேண்டா. மூன்றாவது, மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தலாகாது. வலிப்புடையார் கிணற்றருகே தனித்து நிற்றலும் ஆகாது.

நிலத்துள் மறைந்த வேரை நாம் காண்கிலேம். எனினும் வாடிய இலையைக் கண்டு நீர் வார்க்கின்றோம். நம் வகுப்பில் அருகிருப்பாருள்ளும் இத்தகையார் இருத்தல் கூடும். அவர் 'இன்று இயலவில்லை' என்று சொல்லுங்கால், சான்று கேளாது நம்புதலே நாம் செய்யத்தக்க முதற்றொண்டாம்.