யெரெவானுக்குக் கிளம்பும் பிள்ளைக்கு

திருச்சியில் விமானம் ஏறி, ஷார்ஜாவிலோ துபாயிலோ மாறி, ஆர்மீனியாவில் போய் இறங்குகிற நம் பிள்ளைகளை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். மருத்துவம் படிக்கச் சிலர், வேலை தேடிச் சிலர். அவர்களுக்கு யெரெவானில் மெஸ் நடத்தித் தளிகை பண்ணிப் போட்டே என் நடுவயது போயிற்று. முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பி உத்திர வீதித் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். யாராவது ஓர் அம்மா பிள்ளையைக் கையோடு கூட்டிவந்து, "ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ மாமா" என்பாள். ரெண்டு வார்த்தையில் அடங்குகிற சமாசாரமா இது? அதனால் எழுதிவைத்தேன்.

1. காகிதத்தை நீயே படி. ஏஜென்ட் எவ்வளவு நல்ல மனுஷராக இருந்தாலும் உனக்காக அவர் பரீட்சை எழுதப்போவதில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் வருஷத்து விதிப்படி, வெளிநாட்டில் படிக்கும் மருத்துவம் 54 மாதத்துக்குக் குறையக் கூடாது. ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவனானால் சம்பளம் எவ்வளவு, தங்குமிடம் யார் செலவு என்பதை எழுத்தில் வாங்கு. பாஸ்போர்ட் உன் பையில்தான் இருக்க வேண்டும். "பத்திரமா வச்சுக்கறேன்" என்று யார் கேட்டாலும் கொடுக்காதே. கேட்கிறபோதே அவரை எடைபோட்டுக்கொள்.

2. போய்ச் சேர்ந்த மாதத்திலேயே ஆர்மீனிய எழுத்தைக் கற்றுக்கொண்டுவிடு. மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்ற துறவி கி.பி. 405 வாக்கில் அவர்களுக்கு 36 எழுத்துகளை அமைத்துக் கொடுத்தார். பிற்பாடு மூன்று சேர்ந்து இப்போது 39. நம் 247-ஐ ஐந்து வயதில் முழுங்கியவன் நீ, இதற்குப் பயப்படலாமா? ஓஷக்கான் என்ற ஊரில் அவர் சமாதி இருக்கிறது; பள்ளிக்கூடப் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போவார்கள். எங்கள் மெஸ்ஸில் ஒரு பெண், உறையூர்க்காரி, கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிக் கூட்டி உரக்கப் படித்துக்கொண்டே நடப்பாள். தெருவில் போகிற கிழவிகள் நின்று திருத்துவார்கள். அவளுக்கு அந்தத் தெரு முழுக்க வாத்தியார்கள். அவளோடு வந்தவர்கள் ஆங்கிலத்தை நம்பி இருந்துவிட்டார்கள். வார்டில் நோயாளியின் முன்னால் ஊமையாக நின்றார்கள். நோயாளிக்கு ஆங்கிலம் தெரிய வேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகமும் விதி போடவில்லை.

3. கொடுத்தால் வாங்கிக்கொள். கேட்கச் சுலபம், ஸ்ரீரங்கத்துப் பிள்ளைக்கு இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். வீட்டுக்கு வருகிறவனுக்கு இலை போட நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இன்னொருவர் வீட்டு மேஜையில் கூச்சமில்லாமல் உட்காரச் சொல்லிக்கொடுக்கவில்லை. அங்கே பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஆப்ரிகாட் பழத்தைத் துடைத்து உன் கையில் வைப்பார். வீட்டுக்காரப் பாட்டி மாடிப்படி ஏறிவந்து ஒரு தட்டு நீட்டுவாள். "வேண்டாம்" என்று மூன்று தரம் சொல்வது நம் ஊரில் மரியாதை. அங்கே மூன்றாவது தரம் அவள் முகம் வாடிவிடும். சாப்பிட முடியாததாக இருந்தால் முடியாது என்று தெளிவாகச் சொல்லி, பக்கத்தில் இருக்கும் ரொட்டியை எடுத்துக்கொள். ஆசாரம் என்று மனசு முரண்டு பிடித்தால் நம் கோயிலை நினைத்துக்கொள். துலுக்க நாச்சியாருக்காகப் பெருமாளே ரொட்டி அமுது செய்கிறார். அவரைவிட நீ ஆசாரமா?

4. சைவமாக இருந்துகொண்டே அங்கே நன்றாகச் சாப்பிடலாம். இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவன் கிடைக்கமாட்டான். அவர்களுடைய தயிர் மட்சூன். அதில் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கடைந்தால் 'தான்' என்கிற மோர். பாதி ஸ்ரீரங்கம் அதிலேயே வந்துவிட்டது. விரத நாட்களில் பண்ணுகிற பாசுட்ஸ் டோல்மாவில் மொச்சை, கடலை, பயறு வகைகளைக் கோஸ் இலையில் சுருட்டி வேகவைத்திருப்பார்கள். ழெங்யாலோவ் ஹாட்ஸ் என்று ஒன்று உண்டு. மெல்லிசாகத் தேய்த்த மாவுக்குள் பொடியாக அரிந்த கீரைகளை வைத்து மூடிக் கல்லில் போட்டு எடுப்பார்கள். கராபாக் மலைப்பக்கத்துப் பண்டம். ஸ்பாஸ் என்ற தயிர்க் கஞ்சியில் மட்டும் கவனம்: கோதுமையும் தயிரும் புதினாவும் கண்ணுக்குத் தெரியும், திரியாமலிருக்க அடித்துவிட்ட முட்டை தெரியாது. கேட்டுவிட்டுச் சாப்பிடு.

லவாஷ் போடுவதை ஒரு தரமாவது கிராமத்தில் போய்ப் பார். தரைக்குள் இறக்கிய மண் அடுப்பு, தோனிர். ஒருத்தி மாவை உருட்டித் தேய்ப்பாள். இன்னொருத்தி அதைக் கையிலேயே வீசி வீசி வேட்டி அகலத்துக்கு விரித்து, நீள்வட்டத் தலையணைமேல் போர்த்தி, குனிந்து அடுப்பின் உள்சுவரில் ஓங்கி அறைவாள். அரை நிமிஷத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிடும். கொக்கியால் இழுத்து அடுக்குவாள். காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. வேண்டும்போது தண்ணீர் தெளித்து மூடிவைத்தால் துணிபோல் மிருதுவாகிவிடும். அடுக்குகிற வேலையையாவது கேட்டு வாங்கிச் செய். வேடிக்கை பார்க்கிறவனுக்கு ஒரு ரொட்டி, கூட நின்று வேலை செய்தவனுக்கு ஒரு வீடு.

5. காபிக்கு அவசரப்படாதே. ஃபில்டர் காபிக்காரர்களான நமக்கு அவர்கள் காபி முதலில் மருந்து மாதிரிதான் இருக்கும். நீளக் கைப்பிடிச் செம்பில் பொடியும் தண்ணீரும் போட்டுச் சின்னத் தீயில் வைத்து, நுரை விளிம்புக்கு ஏறுகிற கணத்தில் எடுப்பார்கள். வண்டல் அடியில் தங்கும்வரை பேச்சு நடக்கும். குடித்து முடித்ததும் கிண்ணத்தைக் கவிழ்த்துவைத்து, உள்ளே வழிந்த கோடுகளைப் பார்த்து உன் கல்யாணம்வரை சொல்லிவிடுவாள் பக்கத்து வீட்டு அம்மாள். நம்பவேண்டிய அவசியமில்லை, உட்கார்ந்து கேள். அந்த அரைமணி நேரத்தில் வாடகைக்கு வீடு கிடைத்திருக்கிறது, வேலை கிடைத்திருக்கிறது, பல் டாக்டர் கிடைத்திருக்கிறார்.

6. விருந்து மேஜையில் குடிக்காமல் இருக்கலாம். கவனிக்காமல் இருக்கக் கூடாது. தமாதா என்று ஒருவர் மேஜைக்குத் தலைவராக இருந்து, ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு வாழ்த்துரை சொல்வார். அவர் பேசும்போது கைபேசியைப் பார்க்கிறவனை அவர்கள் மறக்கமாட்டார்கள். மாதுளைச் சாறு போதும், அதையே உயர்த்து. இறந்தவர்களை நினைத்து எடுக்கும் கோப்பையை மற்றவர் கோப்பையோடு மோதாதே. உன்னைப் பேசச் சொன்னால் உன் அப்பா அம்மாவைப் பற்றிப் பேசு. பெரியவர்கள் ராஜ் கபூர் பாட்டை முணுமுணுப்பார்கள், மிதுன் சக்கரவர்த்தியை விசாரிப்பார்கள். எல்லாம் சோவியத் காலத்துச் சினிமாக் கொட்டகை உபயம். ரஜினியைத் தெரியவில்லையே என்று வருத்தப்படாதே. காலம் இருக்கிறது.

7. அவர்கள் துக்கத்தை அறிந்துகொண்டு போ. 1915இல் ஒட்டோமான் அரசு தன் ஆட்சியில் இருந்த ஆர்மீனியர்களைக் கொன்றும் பாலைவனத்துக்கு விரட்டியும் அழித்தது. ஆண்டுதோறும் ஏப்ரல் 24 அன்று யெரெவானில் உள்ள சிட்சர்நாகபெர்த் குன்றுக்கு ஊரே பூவோடு நடக்கும். உள்சாய்ந்த பன்னிரண்டு கற்பலகைகளுக்கு நடுவே அணையா நெருப்பு எரியும். நீயும் ஒரு பூ வாங்கிக்கொண்டு வரிசையில் போ. படம் எடுக்காதே.

மாட்டெனாதரான் என்கிற சுவடிச்சாலைக்குப் போனால் மூஷ் நகரத்து உரைநூலைப் பார். தோலில் எழுதியது, 1200 வாக்கில் எழுத ஆரம்பித்தது, எடை ஏறக்குறைய 28 கிலோ. 1915இல் சிதைந்த மடத்தில் அதைக் கண்டெடுத்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தியால் தூக்க முடியாததால் இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி சுமந்தார்கள். ஒரு பாதி எச்மியாட்சினுக்கு வந்து சேர்ந்தது. மற்றவள் வழியில் இறந்துபோனாள்; அதற்குமுன் தன் பாதியை எர்சுரும் பக்கத்து மடம் ஒன்றின் வளாகத்தில் புதைத்துவைத்தாள். அதுவும் பின்னால் கிடைத்தது என்று சொல்வார்கள். அதைக் கேட்டபோது அங்கிருந்த மற்றப் பிரயாணிகள் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு அது வெளியூர்க் கதையாகவே படவில்லை. 1323இல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்தபோது, வேதாந்த தேசிகர் சுருதப்பிரகாசிகைச் சுவடியோடு பிணங்களுக்கு நடுவே படுத்திருந்து அதைக் காப்பாற்றினார் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு போன பிள்ளை லோகாசாரியார் மதுரைப் பக்கத்திலேயே பரமபதித்தார். பெருமாள் திரும்பி வர 1371 ஆயிற்று. இந்தக் கதையை எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் வீட்டுக்காரப் பாட்டிக்குச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதத்திலிருந்து வாடகையை நான் வைத்த இடத்தில் எடுத்துக்கொண்டாள், எண்ணிப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

8. அரசியலில் காதைக் கொடு, வாயைக் கொடுக்காதே. அராரத் மலை ஜன்னலில் தெரியும், துருக்கியில் இருக்கிறது. அந்த எல்லை 1993 முதல் மூடிக் கிடக்கிறது. 2023 செப்டம்பரில் கராபாக்கிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சில நாட்களில் அகதிகளாகக் கிளம்பி வந்தார்கள். உன் வகுப்பில், உன் மாடியில் அவர்களில் ஒருவர் இருக்கக்கூடும். இரண்டு யூடியூப் பார்த்துவிட்டு அவர்களுக்குத் தீர்வு சொல்லக் கிளம்பாதே.

9. வேலையில் கைசுத்தமும் கைத்தொழிலும் காப்பாற்றும். பனியில் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற நம் ஊர்ப் பையன்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். குளிர்காலத்தில் பத்து டிகிரி உறைநிலைக்குக் கீழே போகிற ஊர் அது. கைத்தொழில் கதை கேள்: லால்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன், ப்ளம்பர் வேலை தெரிந்தவன். பழைய சோவியத் கட்டடத்தில் குழாய் ஒழுகாத வீடு ஏது? கூலி பேசாமல் பக்கத்து வீட்டுக் கிழவருக்கு வாஷர் மாற்றிக் கொடுத்தான். அவனுடைய முதலாளி சம்பளத்தை இழுத்தடித்தபோது அந்தக் கிழவர்தான் கூடவே போய், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வாங்கிக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

10. மாதா கோயிலுக்குப் போனால் நம் கோயில் மரியாதையே போதும். மெழுகுவத்தி ஏற்று. திரும்பும்போது சட்டென்று முதுகைக் காட்டாதே. அவர்கள் பீடத்தைப் பார்த்தபடியே பின்னால் நடந்து வெளியே வருவார்கள். ஜனவரி 6தான் அவர்களுக்குக் கிறிஸ்துமஸ். புத்தாண்டு தொடங்கி அதுவரை வீட்டுக்கு வீடு மேஜை நிறைந்திருக்கும். அந்த வாரம் தனியாக அறையில் கிடக்காதே, யார் கூப்பிட்டாலும் போ.

11. கிளம்புமுன் சென்னையில் ஒரு காலைப்பொழுது ஒதுக்கு. பாரிமுனையில், அரண்மனைக்காரன் தெரு என்று ஊர் சொல்லும் ஆர்மீனியன் தெருவில், 1772இல் கட்டிய மாதா கோயில் இருக்கிறது. முற்றமெல்லாம் கல்லறைகள். ஷ்மாவோனியான் பாதிரியார் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது நம் சென்னையில், நடத்தியவர் அவர். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற வியாபாரி 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டினார், பரங்கிமலைக்குப் படி வைத்தார். பாலம் போய்விட்டது, கல்வெட்டு இருக்கிறது. 1751இல் இறந்தவருடைய உடல் வேப்பேரியில். இதயத்தை மட்டும் அவர் விருப்பப்படி ஈரானில் உள்ள ஜுல்ஃபாவுக்குக் கொண்டுபோனார்கள். வந்த ஊரில் என்ன செய்ய வேண்டும் என்று நான் உனக்கு உபதேசம் பண்ணுவதைவிட, அந்தப் பரங்கிமலைப் படியில் ஒரு தரம் ஏறி இறங்கு. யெரெவான் போய் இந்தக் கதையை ஒரு வாத்தியாரிடம் சொல்லிப் பார். பலருக்கும் மதராஸ் என்ற பெயர் பள்ளிப் பாடத்திலேயே தெரிந்திருக்கும்.

12. நம் பிள்ளைகளோடு மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்காதே. ஆறு பேர் ஒரே வீட்டில், ஒரே சாம்பார், ஒரே சண்டை. படிப்பு முடியும்போது யெரெவானையே பார்த்திருக்கமாட்டார்கள். ராத்திரி பதினொன்றுக்குமேல் பாட்டைக் குறை. தாளிக்கும்போது ஜன்னலைத் திற, காய்ந்த மிளகாய் மேல்மாடிக் குழந்தையை இருமவைக்கும். புளியோதரை பண்ணினால் ஒரு கிண்ணம் எதிர்வீட்டுக்கு. காலிக் கிண்ணம் திரும்பி வராது, பார்.

13. காலி செய்யும் வீட்டைத் துடைத்துக் கொடு. அடுப்பு மேடையில் எண்ணெய்ப் பிசுக்கு, சுவரில் மஞ்சள் கை, பாக்கி வைத்த கேஸ் பில்: உனக்குப் பின்னால் வருகிற பிள்ளைக்கு வீடு கிடைக்காமல் போக இது போதும். ஒருத்தன் செய்ததற்காக "இந்தியர்களுக்கு இல்லை" என்று கதவடைத்த மாடிகளில் நான் ஏறி இறங்கியிருக்கிறேன். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு ஓடிவராதே. பாட்டி கையில் கொடு. உட்கார வைத்துச் சாப்பாடு போடாமல் அவள் விடமாட்டாள், வழிக்கும் கட்டித் தருவாள். அதனால் டிக்கெட்டை ராத்திரி விமானத்துக்கே எடு, பெட்டியில் ஒரு மூன்று கிலோ இடமும் விட்டுவை.